என் கிளாஸிலிருந்து யாரும் எழுந்து போனதில்லை

இனியா, கவின்... இந்த வாரம் உங்களுக்குத்தான் எழுதுகிறேன். வழக்கமாகப் படிப்பவர்கள் கோபித்துக்கொள்ளாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். தமிழ் படிக்கச் சோம்பலாக இருந்தால் அம்மாவை வாசிக்கச் சொல்லுங்கள். நடுநடுவே சிரிப்பாள். கண்டுகொள்ளாதீர்கள்.

போன திங்கட்கிழமை அப்பா ஏன் உம்மென்று இருந்தேன் தெரியுமா?

மற்றவர்களுக்காக ஒரு வரி: பிளஸ் டூ படிப்போடு இங்கே வந்து, அமெரிக்க ராணுவத்தில் வண்டி மெக்கானிக்காகச் சேர்ந்து, சார்ஜென்ட் ஆகி, புதிதாக வருபவர்களுக்குப் பாடம் எடுத்தவன் நான். வெளியே வந்த பிறகு, நாங்கள் இருக்கும் ஆலன் என்ற ஊரில் ஒரு கம்பெனியில் ஆன்லைன் கோர்ஸ் டிசைன் பண்ணும் வேலை — ட்ரையலுக்குத்தான். என் முதல் பாடம், டயர் மாற்றுவது.

அன்றைக்கு மேனேஜர் மரியா கூப்பிட்டார். "கார் ஜாக்கில் ஏறுவதற்குள் எல்லாரும் வீடியோவை மூடிவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் மாற்றிக் கொடுங்கள். இல்லையென்றால் கஷ்டம்."

கஷ்டம் என்றால்? வெளிநாட்டில் ஒரு ராணுவ முகாமில் வண்டி ரிப்பேர் வேலை எனக்காகக் காத்திருந்தது. இது போனால் அது. மறுபடியும் நான் உங்களுக்குப் போனில் தெரியும் முகம்! கராஜ் மூலையில் பச்சைப் பை ஏன் கட்டியபடியே கிடக்கிறது என்று கவின் கேட்டானே... அதற்காகத்தான்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. பட்டாளத்தில் என் கிளாஸிலிருந்து ஒருத்தன்கூட எழுந்து போனதில்லையே!

இனியா, அந்த வீடியோவை உனக்குப் போட்டுக் காட்டினேன். நீ காதைப் பொத்திக்கொண்டாய்.

"அப்பா, ஒய் ஆர் யூ யெல்லிங் அட் மீ?"

"கத்தலைம்மா. அது டீச்சிங்."

வீடியோவில் 'கிளியர்?' என்று கேட்டுவிட்டு முறைத்துக்கொண்டு நிற்கிறேன். நிற்கிறேன்... நின்றுகொண்டே இருக்கிறேன்.

"ஹூ ஆர் யூ வெயிட்டிங் ஃபார்?"

"எல்லாரும் 'யெஸ், சார்ஜென்ட்'னு சொல்வாங்கல்ல?"

கிச்சனிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "ஏங்க, பிடிக்கலைன்னா உங்க கிளாஸ்லேர்ந்து எழுந்து போகலாமா?"

"எப்படிப் போக முடியும்? ஆர்டர் போட்டிருக்கும்ல!"

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது.

யாரும் போகவில்லை, உண்மைதான். போக அனுமதி இல்லை. அவ்வளவுதான்! நானோ இத்தனை வருஷமும் என்னைப் பெரிய வாத்தியார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கதவைப் பூட்டிவிட்டு நடத்தினால் யாருடைய கிளாஸும் ஹவுஸ்ஃபுல்தான். மேனேஜர்கள், மாமனார்கள், அப்பாக்கள் — எங்கள் எல்லாருக்கும் இந்த மிதப்பு உண்டு. எதிரே இருப்பவர் கேட்கிறாரா, வேறு வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறாரா? ஒரு விரலால் நம்மை மூடிவிட முடிகிற இடத்தில்தான் தெரியும்.

மறுநாள் சாயங்காலம் அம்மாவின் கார் பக்கத்தில், கராஜ் தரையில் உட்கார்ந்தேன். இனியா, நீ எதிரே உட்கார்ந்தாய்.

"முதல்ல நட்டை லூஸ் பண்ணணும். அப்புறம்தான் ஜாக்."

"ஒய்?"

பட்டாளத்தில் இதை எவனும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பான்.

"வண்டியைத் தூக்கிட்டா சக்கரம் காத்துல நிக்கும். நட்டைத் திருப்பினா அதுவும் சேர்ந்து சுத்தும்."

"ஓ... வீடியோல இதைச் சொல்லவே இல்ல!"

சொல்லவில்லைதான். உன் 'ஒய்'களை வைத்தே முழுப் பாடத்தையும் திரும்ப எடுத்தேன். கத்தாமல். என் குரலைக் கேட்டுப் பயந்துபோய்க் கவின் அம்மாவிடம் ஓடினான் — "இஸ் அப்பா சிக்?"

வெள்ளிக்கிழமை மதியம் மரியாவின் போன். இந்த முறை பார்த்தவர்கள் கடைசிவரை இருந்தார்களாம். வேலை எனக்குத்தானாம். "ஒருத்தருக்கு மட்டும் ஓர் இடம் புரியவில்லையாம், கேள்வி அனுப்பியிருக்கிறார். கோபமில்லையே?" என்றார்.

கோபமா? என் வாழ்க்கையில், வீட்டுக்கு வெளியே எனக்கு வந்த முதல் கேள்வி அது!

நீங்கள் ஸ்கூலில் இருந்தீர்கள். அம்மா டியூட்டியில். நான் கராஜுக்குப் போய் அந்தப் பச்சைப் பையை அவிழ்த்தேன். அடியிலிருந்த பூட்ஸை எடுத்து வாசலில் உங்கள் செருப்புகளோடு வைத்தேன்.

கையோடு உங்கள் செருப்புகளையும் ஒரே வரிசையில் நேராக்கினேன். என்ன செய்ய... அது மட்டும் என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.