ஒரு நிமிடம் ஓடட்டும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அப்பாவுக்குச் சிக்கனம் விரல் நுனியில். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு டர்போ காரைக் கொண்டுவந்து நிறுத்தியது என் கெட்ட நேரம்.

கெலாங் பாத்தாவில் பழைய கார் விற்கும் ஒரு கடையில் அதைப் பார்த்தேன். கருநீலம், நான்கு கதவு, இரண்டு லிட்டர் பெட்ரோல் இஞ்சின். மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். நாற்பத்திரண்டு வயதில் உனக்கு இது தேவையா என்று கேட்டவர்களை முறைத்தேன். ஸ்கூடாயில் எங்கள் வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணனைக் கூட்டிப் போயிருந்தேன். அவர் தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தட்டை யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள், ஒட்டிய பசை ஓரத்தில் பிதுங்கி நிற்கிறது, திறந்து பார்த்துவிட்டு வாங்கு என்றார். அதற்கு ஒரு நாள் வேண்டும். விற்பவனோ சாயங்காலம் இன்னொருவர் வருகிறார் என்றான். எல்லாப் பழைய கார் கடையிலும் சாயங்காலம் ஒருவர் வருவார். அது தெரிந்தும் அன்றைக்கே கையெழுத்துப் போட்டேன். அண்ணன் சொன்னதை அப்பாவிடம் மூச்சு விடவில்லை.

அம்மா போன பிறகு வீட்டில் நானும் அப்பாவும்தான். அப்பா முப்பது வருடம் ரப்பர்த் தோட்டத்து லோரி ஓட்டியவர். சாயங்காலமானால் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், டாங்கியில் குச்சி விட்டு டீசலை அளப்பாராம். குறைந்திருந்தால் எல்லார் முன்னாலும் கேள்வி கேட்பாராம். அதனால் லோரி முழுதாக நிற்பதற்குள்ளேயே அப்பாவின் கை சாவியைத் திருகிவிடும். தோட்டம் மூடிப்போய், நாங்கள் தாமான் குடியிருப்புக்கு வந்து இருபது வருடமாகிறது. கை மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. ஸ்கூடாய் நெரிசலில் சிவப்பு விளக்கு கொஞ்சம் நீண்டால் போதும், தன் பழைய சின்னக் காரை (வீட்டில் ‘காடி’ என்போம்) அணைத்துவிடுவார். பின்னால் ஹாரன் அடிப்பவனைக் காதிலேயே வாங்க மாட்டார்.

இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்கு இந்தப் பழக்கம் ஆகாது. விரட்டி வந்து நிற்கும்போது அது பழுத்துக் கிடக்கும். உடனே அணைத்தால் உள்ளே நிற்கும் ஆயில் கருகிப்போகும். ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு அணைக்க வேண்டும். அப்பாவிடம் சொன்னேன், தலையாட்டினார். ஓட்டிப் போய் நிறுத்தியதும் கை தன் வேலையைச் செய்துவிட்டது. மறுபடி சொன்னேன், மறுபடி தலையாட்டினார். நானோ அந்தக் காரைக் குழந்தை மாதிரி பார்த்தேன். விலை கூடின பெட்ரோல்தான் ஊற்றினேன். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினேன். அந்த ஆயிலை என் தலையில் தேய்த்திருந்தால் நாலு முடியாவது முளைத்திருக்கும். ஆனால் அடித்தட்டை மட்டும் திறக்கவில்லை. ஓடுகிற வண்டியை ஏன் கழற்ற வேண்டும் என்று அண்ணனிடமே எகத்தாளம் பேசினேன்.

பெக்கான் நானாஸில் இருக்கும் சித்தப்பா வீட்டில் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். நான் ஓட்டுகிறேன் என்று அப்பா ஆசையாகச் சாவியை வாங்கினார். நன்றாகத்தான் ஓட்டினார். பந்தல் வாசலில் நிறுத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் அணைத்துவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன். சாப்பிட்டுவிட்டு வந்து கிளப்பினால் பின்னாலிருந்து குபுகுபுவென்று நீலப் புகை. பந்தலுக்குள் இலையில் உட்கார்ந்திருந்தவர்கள் இருமிக்கொண்டு எழுந்தார்கள். முன்னால் டர்போ ஊளையிட்டது.

“எத்தன தடவ சொன்னேன்? இது தோட்டத்து லோரி இல்லப்பா. உங்க தோட்டத்துப் புத்திய என் காடியில காட்டாதீங்க.”

சம்பந்தி வீட்டார் முதற்கொண்டு எல்லாரும் கேட்டார்கள். அப்பா சாவியை என் கையில் வைத்தார். பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சித்தப்பாவின் காரில் வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் என் காரில் ஏறவில்லை. சந்தைக்கும் கோயிலுக்கும் தன் சின்னக் காரிலேயே போய் வந்தார்.

நான்கு நாள் கழித்து, வண்டியை விட்டிருந்த பட்டறையிலிருந்து மெக்கானிக் அண்ணன் கூப்பிட்டனுப்பினார். அடித்தட்டைக் கழற்றி வைத்திருந்தார். முன்பு யாரோ அள்ளி அப்பிய சிவப்புப் பசை துண்டு துண்டாகப் பிய்ந்து, ஆயிலை உறிஞ்சும் வலையைப் பாதிக்கு மேல் அடைத்திருந்தது.

“டர்போ ஆயில் பத்தாம செத்துருக்கு தம்பி. அப்பா ஒரு மணி நேரம் ஓட வுட்டிருந்தாலும் இதான் ஆயிருக்கும். அன்னைக்கே தொறந்து பாருன்னு சொன்னேன்ல?”

அந்தப் பசைத் துண்டு ஒன்றை டிஷ்யூவில் சுற்றி எடுத்து வந்தேன், அப்பாவிடம் காட்ட. வீட்டு வாசலில் வெட்கம் பிடித்துக்கொண்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று சட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். வேறு டர்போ மாட்டினேன், வண்டி முன்னைவிட நன்றாக ஓடியது; துண்டு அதன் டாஷ்போர்டுக்குள் போனது. அந்த ‘நாளை’ வர நான்கு மாதம் ஆனது. எவ்வளவு கேவலமானவன் நான் என்று அந்த நான்கு மாதத்தில் தெரிந்துகொண்டேன்.

அந்த வாரம் வேலை சீக்கிரம் முடிந்தது; ஒருநாள் வந்தபோது அப்பாவின் சின்னக் கார் வாசலில் நின்றிருந்தது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா உள்ளே உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ யோசனை என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே. அந்தக் காரில் டர்போ கிடையாது. ஒரு சொட்டு வீணானால் தாங்காத மனிதர். டாஷ்போர்டிலிருந்து அந்த டிஷ்யூவை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். எதற்கு இப்படி ஓடவிடுகிறீர்கள் என்று கேட்டேன்.

“கைய பழக்குறேன்டா. பழகிட்டா உன் காடிய மறுபடி கேக்கலாம்ல.”

பசைத் துண்டை அவர் உள்ளங்கையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வாங்கும்போதே அண்ணன் எச்சரித்ததையும், நான்கு மாதமாக மறைத்ததையும் சேர்த்தே சொன்னேன். அழுதேன். அப்பா அதை விரலால் உருட்டிப் பார்த்தார். பிறகு கையை நீட்டி இஞ்சினை அணைத்தார்.

“அப்ப நாலு மாசமா பெட்ரோல் எண்ணெய சும்மா எரிச்சிருக்கேன்,” என்றார். பசைத் துண்டை மறுபடி டிஷ்யூவில் சுற்றிவிட்டு, “என் தம்பி மக கல்யாணத்துக்கு எல்லாரும் வருவாங்க. அங்க சொல்லு,” என்றார்.

சொன்னேன். கல்யாண மண்டபத்துப் பந்தியில், சித்தப்பாவும் சம்பந்திகளும் சொந்தக்காரர்களும் உட்கார்ந்திருந்தபோது எழுந்து நின்று சொன்னேன். அன்றைக்கு வண்டி கெட்டதற்கு அப்பா காரணமில்லை, நான்தான் காரணம், பேசியதும் தப்பு என்றேன். எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அட, அதெல்லாம் யாருக்குடா ஞாபகம் இருக்கு? உக்காந்து பாயசம் சாப்புடு லா,” என்றார் சித்தப்பா. எல்லாரும் சிரித்தார்கள்.

“எனக்கு இருக்கு,” என்றார் அப்பா. இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

வெளியே வந்ததும் அவரிடம் கார் சாவியை நீட்டினேன். சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“கை இன்னும் பழகலடா.”

என் பக்கத்து சீட்டுக்கான முன் கதவைத் திறந்து பிடித்தேன். அவர் பின் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.