மீன்தொட்டியில் குழாய்த் தண்ணீர்

போர்ட் பிளேர் லம்பா லைனில் ஒருத்தி வீட்டுக்குள் தண்ணீரை வெறும் பார்வைக்காகத் தேக்கி வைத்திருக்கிறாள் என்றால், அவளுக்கு மூளை கலங்கிவிட்டது என்றுதான் அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்வார்கள். என்னைப் பற்றிப் பேசினார்கள். கோடையில் மூன்று நாளைக்கு ஒருமுறை குழாய் வருகிற ஊர் இது. வருகிற நேரமும் அதன் இஷ்டம். குழாயில் காற்று சீறுகிற சத்தம் கேட்டால் போதும், கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு ஓட வேண்டும். அண்டா, குடம், வாளி, கடைசியில் குக்கர் வரைக்கும் நிரப்பிவிட வேண்டும். குழாய் வந்த அன்று ஒரு பாத்திரம் காலியாகக் கிடந்தால் அது குடித்தனத்துக்கே அவமானம். அப்படிப்பட்ட வீட்டில்தான் நான் ஒரு கண்ணாடித் தொட்டியில் மண்ணைக் கொட்டி, செடி நட்டு, மீன் விட்டேன்.

காரணம் என் கணவர். தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து நிக்கோபாரின் கட்சால் தீவுக்கு ரப்பர் வேலைக்கு வந்த குடும்பங்கள் எங்களுடையவை. இருவரும் அங்கே ஒரே தோட்ட லைன் வீடுகளில் வளர்ந்தோம். சுனாமிக்குப் பிறகு போர்ட் பிளேருக்கு வந்து ஒண்டினோம். போன வருடம் மழைக்காலத்தில் அவர் கப்பலின் இரும்பு ஏணியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். மெயின்லேண்டுக்குக் கொண்டுபோய், சென்னையில் ஆபரேஷன் செய்து கூட்டி வந்தேன். “எலும்பு சேர்ந்துடுச்சும்மா. இனி நடக்க வேண்டியது அவர்தான். இப்படியே படுத்திருந்தா சதை வத்திப்போகும், அப்புறம் நினைச்சாலும் நடக்க முடியாது” என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

அவர் நடக்கவில்லை. பயம். காற்றில் ஆடுகிற கப்பலில் கையில் டீ டம்ளரோடு படியிறங்குகிற மனிதர், கட்டிலிலிருந்து கக்கூஸ் வரைக்கும் என் தோளைப் பிடிக்காமல் போக மாட்டேன் என்றார். பிடித்து நடக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்கர் அறை மூலையில் நின்றது. நான் அதில் துண்டுகளைக் காயப்போட்டேன். சும்மா நிற்பதற்கு அதற்காவது உதவட்டுமே.

பேச்சும் நின்றுபோனது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தால் படுத்ததுதான். எனக்கு வாய் நீளம், பொறுமை குட்டை. கத்தினேன், கெஞ்சினேன், நானும் பேசாமல் இருந்து பார்த்தேன். நான் பேசாமல் இருந்தது அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்போல. நான்தான் தோற்றேன். என்றைக்காவது இந்த மனிதர் தானாக எழுந்து நிற்பாரா என்ற கேள்வி அடுப்படியிலும் அலுவலகத்திலும் என்னை விடாமல் அரித்துக்கொண்டே இருந்தது.

அந்தச் சமயத்தில் எங்கள் அலுவலகத்து அதிகாரி ஒருவர் மாற்றலாகி மெயின்லேண்ட் போனார். கப்பலில் ஏற்ற முடியாததையெல்லாம் கொடுத்துவிட்டுப் போவது இங்கே வழக்கம். ஒருவருக்குக் கட்டில், ஒருவருக்குத் துளசிச் செடி, எனக்கு மீன்தொட்டி. கூடவே வந்த காற்று மோட்டார் எரிந்து போயிருந்தது. எப்போதும் சுவரையே பார்க்கிறவருக்கு எதிர்ச் சுவரோரமாக அசைகிற எதையாவது வைத்துவிடலாமே என்று தோன்றியது. என் பெரிய யோசனை அவ்வளவுதான்.

மோட்டார் இல்லாமல் மீன் வளர்க்க முடியுமா என்று செல்போனில் தேடினேன். முடியும் என்றார்கள். அடியில் தோட்டத்து மண், மேலே மணல், அதில் நெருக்கமாகச் செடிகள். மீனின் கழிவு செடிக்கு உரம், செடி விடுகிற மூச்சு மீனுக்கு உயிர். அடிக்கடி கரண்ட் போகிற ஊருக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடைக்காது. செம்பருத்தி அடியிலிருந்து மண் எடுத்துச் சலித்தேன். மணலுக்குத்தான் திண்டாட்டம். சுற்றிலும் கடல், ஆனால் கடற்கரை மணலை அள்ளக் கூடாது. அள்ளினாலும் அதிலிருக்கும் உப்பும் கிளிஞ்சல் தூளும் செடிக்கு ஆகாது. தெருக்கோடியில் வீடு கட்டுகிறவர்களிடம் பொடிக்கல் கேட்டு வாங்கி, சாக்கில் கட்டி, கூரைத் தகரத்தின் தண்ணீர் விழுகிற இடத்தில் போட்டேன். மழைக்காலம் முடிகிற நேரம் அது. என் பங்குக்கு ஒரு வாளித் தண்ணீர்கூடச் செலவில்லாமல் வானமே அலசிக் கொடுத்தது.

செடி கொடுத்தவர் பக்கத்து வீட்டு வங்காளி அக்கா. அவருடைய அண்ணன் வடக்கே மாயாபந்தர் பக்கம் வயலும் குளமுமாக இருக்கிறார். அங்கே போயிருந்த அக்கா, நாடாபோல நீள்கிற இலைகளையும் நரிவால்போன்ற கொத்துகளையும் ஈரத் துணியில் சுற்றி, பகல் முழுக்க ஓடுகிற பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். கொசுவுக்காகத் தன் வீட்டுத் தொட்டியில் விட்டிருந்த குட்டி போடும் சின்னக் கப்பி மீன்களையும் ஒரு கிண்ணத்தில் பிடித்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, “அரே, யே கானே கா ஹை கி தேக்னே கா?” என்று கேட்டார். தின்னவா, பார்க்கவா என்று. பார்க்கத்தான் என்றேன். பார்ப்பதற்காக ஒருத்தி மீன் வளர்ப்பதா என்று தலையில் அடித்துக்கொண்டு போனார்.

பொடிக்கல் மேல் ஒரு தட்டை வைத்து, அந்தத் தட்டின் மேல் டம்ளர் டம்ளராகத் தண்ணீர் விட்டேன். வேகமாக விட்டால் அடிமண் கிளம்பிவிடும். குழாய்த் தண்ணீரை நேரே விடவும் கூடாது. வாளியில் திறந்து வைத்து, பிளீச்சிங் பவுடர் வாடை போன பிறகுதான் விட வேண்டும். இதையெல்லாம் செய்துகொண்டிருந்தபோது கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“மனுசனுக்கே தண்ணி இல்ல. மீனுக்குத் தொட்டி கேக்குதா?”

எத்தனையோ நாளைக்குப் பிறகு முழுசாக ஒரு பேச்சு! திட்டியது எனக்குத் தேனாக இருந்தது.

முதலில் தண்ணீர் கலங்கலாக இருந்தது. சில இலைகள் அழுகின. செடியோடு ஒட்டி வந்த நத்தைகள் பெருகின. ஒன்றும் செய்யாதே, சும்மா இரு என்று செல்போனில் சொன்னார்கள். எனக்குச் சும்மா இருப்பதைப்போலக் கஷ்டமான வேலை கிடையாது. ஆனாலும் இருந்தேன். ஒருநாள் பார்த்தால் நாடா இலைகள் புதுக்குருத்து விட்டிருந்தன. தண்ணீர் தெளிந்து கண்ணாடி இருக்கிற இடமே தெரியவில்லை. அவர் சுவர்ப்பக்கமிருந்து தொட்டிப்பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் எனக்குச் செய்தி சொல்ல ஆரம்பித்தார். “அந்த வயித்துக்காரி இன்னிக்குக் குட்டி போட்டுட்டா. எல்லாம் புல்லுக்குள்ள ஒளிஞ்சுக்கிச்சு.” கேட்கவே சந்தோஷமாக இருந்தது. ஆனால் எழுந்து நிற்பது மட்டும் இல்லை. துண்டுகள் வாக்கரிலேயே காய்ந்தன.

கோடையில் ஒருநாள் காலை, தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். மீன் தண்ணீர் செடிக்கு நல்ல சத்து. குறைந்ததை வாடை போன தண்ணீரால் சாயங்காலம் நிரப்பிக்கொள்ளலாம் என்று அலுவலகத்துக்கு ஓடினேன்.

திரும்பி வந்தபோது வாசலிலேயே பிளீச்சிங் வாடை. சமையலறையிலிருந்து பச்சை ஹோஸ் பைப் கூடத்தைத் தாண்டி அறைக்குள் போயிருந்தது. தரையெல்லாம் ஈரம். தொட்டி பால் விடாத டீயாக இருந்தது. செடிகளில் பாதி பிடுங்கிக்கொண்டு மிதந்தன. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அவர் முழங்கால் வரை நனைந்த கைலியோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

“என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க!” என்று அலறினேன்.

“பானி வந்துச்சு புள்ள. நீ இல்ல. எல்லாத்தயும் நெரப்பிட்டேன். இதுவும் கொறஞ்சு கெடந்துச்சு, அதான்...”

“பவுடர் தண்ணிய இதுல விடுவாங்களா? பைப்ப வச்சு அடிச்சா மண்ணு கெளம்பாதா? கண்ணு முன்னாடிதான பாத்துக்கிட்டுக் கெடக்குறீங்க!”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் இன்னும் கத்தியிருப்பேன். ஆனால் கட்டிலில் துண்டுகளை மடித்து வைத்திருந்தது கண்ணில் பட்டது. வாக்கர் மூலையில் இல்லை. அவருக்கு முன்னால், நடுஅறையில், ஈரக் கால்களோடு நின்றது. ஓடிப்போய்ச் சமையலறையைப் பார்த்தேன். அண்டா விளிம்பு தட்ட நிறைந்திருந்தது. குடங்கள், வாளிகள், குக்கர். மூடிகூடப் போட்டிருந்தார்.

என் சத்தம் கேட்டு வங்காளி அக்கா ஓடி வந்தார். தொட்டியைப் பார்த்தார், ஹோஸைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். திரும்பிப் போய், தன் வீட்டு டிரம்மின் அடியில் மிச்சமிருந்த மழைத் தண்ணீரை இரண்டு கையிலும் ஒவ்வொரு வாளியாகத் தூக்கி வந்தார். அதில்தான் பருப்பு நன்றாக வேகும் என்று அடுத்த மழை வரைக்கும் மூடி மூடிப் பாதுகாத்து வைத்திருந்த தண்ணீர். தின்னத் தகாத மீனுக்காக அதைக் கொடுத்தார். இன்றைக்கும் அவர் வீட்டில் பருப்புக் கொதிக்கிற வாசனை வந்தால் எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிடும்.

டீ வடிகட்டியால் மீன்களைப் பிடித்து அந்த வாளிகளுக்கு மாற்றினோம். கலங்கலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தினமும் பார்த்துக் கிடந்தவருக்கு அவை எங்கே ஒளியும் என்று தெரியும். வாக்கரை ஒரு கையால் பிடித்து எழுந்து நின்று, மறு கையால் வடிகட்டியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். நான் தோளைக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. வயிற்றுக்காரி பிழைத்தாள், குட்டிகளில் சிலவும் பிழைத்தன. மற்றவை போய்விட்டன.

நான் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் அது மீனுக்கான அழுகை என்று நினைத்துக்கொண்டார்.

“அழாத புள்ள. வேற மீனு கொண்டாந்துக்கலாம்” என்றார், நின்றபடியே.

செத்தவற்றைக் கறிவேப்பிலை அடியில் புதைத்தேன். அவற்றுக்கும், அன்றைக்கு நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து வந்த குழாய்க்கும், மனசார நன்றி சொன்னேன். மறுநாள் காலை குளித்துவிட்டு ஈரத் துண்டோடு அறைக்கு வந்தால் மூலை காலியாக இருந்தது. கூடத்திலிருந்து வாக்கரின் சத்தம் கேட்டது. துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே காயப்போடுவது என்று தெரியாமல் நின்றேன்.