மைக்கை நிப்பாட்டின பிறகு

என்ரை பெரிய மாமா இண்டைக்கும் கலியாண வீடுகளில் ஒரு படத்தைக் காட்டுவார். பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக, சாக்ஸபோனைப் பிடித்தபடி ஒரு நரைத்த வெள்ளைக்காரர். "நான்தான் இவரை மேடை ஏத்தினனான்." கேட்கக் கேட்க எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

மாமா ஏற்றின மேடையா? அந்த மனுசர் மீசை முளைக்க முந்தியே இத்தாலியில் நடன மண்டபங்களில் ஜாஸ் வாசித்தவர். கப்பல் வாத்தியக் குழுவோடு ஊர் ஊராகப் போனவர். அவர் கட்டின பாட்டுகளைப் பாடி வேறு ஆட்கள் பேரெடுத்தார்கள். லண்டனுக்கு வந்து ரெஸ்டோரண்டுகளில் வாசித்து, கடைசியில் வெஸ்ட் ஈலிங்கில் எங்கள் கீழ் வீட்டுக்குக் குடிவந்தார்.

பின்னேரங்களில் சாக்ஸபோன் பழகுவார். மேலே அம்மா விளக்கேற்றித் தேவாரம் தொடங்கினால் உடனே நிப்பாட்டிவிடுவார். அம்மா முடித்த பிறகுதான் திரும்ப ஊதுவார். கோயிலுக்குள்ளேயே போனில் கதைக்கிற எங்கட ஆட்களுக்கு அந்த மரியாதை வருமா?

அக்கா பெரியபிள்ளையாகிச் செய்த சாமத்தியச் சடங்குக்கு மாமாவின் இசைக்குழுதான். அதில் வாசிக்க மாமா கீழ் வீட்டுக்காரரையும் பிடித்தார். முதலில் சினிமாப் பாட்டுகள், கடைசியில் அவருடைய சொந்தப் பாட்டு ஒன்று. அப்படித்தான் மாமா வாக்குக் கொடுத்தார். அந்த ஒரு பாட்டுக்காகத்தான் மனுசர் வேட்டியும் தலைப்பாகையும் கட்டச் சம்மதித்தார்.

சனம் விசிலடிக்க எல்லாம் வாசித்தார். பிறகு தன்ரை பாட்டை எடுத்தார். மெதுவான பாட்டு. தொடங்கிக் கொஞ்சம்தான் போயிருக்கும், மாமா ஓடிவந்து மைக்கை நிப்பாட்டினார்.

"உந்த ஊளையை ஆர் கேக்கிறது? சாப்பாடு ஆறுது, எழும்புங்கோ!"

மண்டபமே சிரித்தது.

"அண்ணை, சொன்ன சொல்லு என்னாச்சு? அவர் முடிக்கட்டும்," என்றா அம்மா.

"நீ பேசாமல் இரு, தங்கச்சி."

அவர் மைக் இல்லாமலே வாசித்தார். கதிரைகள் இழுபடுகிற சத்தத்துக்குள்ளே அம்மா மட்டும் எழும்பி நின்று, கைகளைத் தலைக்கு மேலே கூப்பினா. மாமாவிட்ட மன்னிப்புக் கேக்கிறா என்று நினைத்து எனக்கு அழுகை வந்தது.

இப்ப என் வீட்டில் விளக்கேற்றி, அம்மாவின் அதே இழுவையில் தேவாரம் பாடுகிறபோது அண்டைக்கு அவர் வாசித்த பாட்டின் மெட்டுத்தான் என் வாயில் வந்து நிற்கிறது. கீழ் வீட்டில் அவர் சும்மா நிப்பாட்டிவிட்டு இருக்கவில்லை, சிவனே! கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

அண்டைக்கு மண்டபத்தில் பாட்டு முடிய, அவர் தலைப்பாகையைக் கழற்றி அம்மாவைப் பார்த்துத் தலை குனிந்தார். வெக்கை தாங்காமல் கழற்றுகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.