எறும்புக்கடி

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சின் வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் முதலில் வருவது கோபம்தான். அடையாறில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அப்பாவுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன். எனக்கு அவர் நைனா.

சின்ன வயதில், கோடம்பாக்கத்து வீட்டில் நான் சோற்றுத் தட்டைத் தள்ளினால் போதும். "துன்னலன்னா டாக்டராண்ட இட்டுனு போய் ஊசி போட்டுடுவேன்" என்பார். தினமும் ஊசியைக் காட்டி மிரட்டிய அதே மனுஷன், எனக்குக் காய்ச்சல் வந்த அன்று, "சினிமாவுக்குப் போலாம் வா கண்ணு" என்று கொஞ்சினார். சைக்கிள் கிளினிக் வாசலில் போய் நின்றது.

நான் அலறினேன். என் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எறும்பு கடிச்ச மாரிதான் இருக்கும், இன்னாத்துக்கு இந்தக் கத்து கத்துற?" என்று சிரித்தார். ஊசி போட்டு முடிந்ததும் டாக்டரின் கையைப் பொய்யாகத் தட்டி, "அவர அடிச்சிட்டேன் பாரு" என்றார். காத்திருந்தவர்களும் சிரித்தார்கள். அடிபட வேண்டியவர் டாக்டர் இல்லை என்று அந்த வயதிலேயே எனக்குத் தெரியும். ஊசி வலித்தது கொஞ்ச நேரம்தான். சினிமா என்று நம்பிப் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு போனேனே, அது இன்னும் எரிகிறது.

இப்போது பரிசோதனை நிலையத்தில் நைனாவை உள்ளே கூப்பிட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்த நைனா என் விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

"வலிக்குமா கண்ணு?"

எறும்பு என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"வலிக்கும் நைனா" என்றேன். "அழணும்னா அழு. எவனாவது சிரிச்சா நான் பாத்துக்கறேன்."