அக்கா அறுக்க விடாத குழாய்

என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், சத்தத்தை அடைத்தே சம்பாதித்தவர். பாட்டுப் பதிவு செய்கிறவர்களுக்கு ஒலி புகாத அறை கட்டிக்கொடுப்பது அவர் தொழில். எப்போது பார்த்தாலும் சட்டையில் பஞ்சு ஒட்டியிருக்கும். அதனால் தெருவில் அவருக்குப் பெயரே பஞ்சுதான்.

யாராவது மாட்டிக்கொண்டால் போதும், பாடம் தொடங்கிவிடுவார். சத்தம் தானாக நடந்து வராதாம். இங்கிருக்கும் காற்று பக்கத்துக் காற்றை இடிக்க, அது அடுத்ததை இடிக்க, அப்படியே காதுவரை வருமாம். அக்கம்பக்கத்து வம்பு மாதிரிதான். இடையில் ஆளில்லாவிட்டால் பரவாது. காற்றோ தண்ணீரோ இரும்போ, ஏதாவது ஒன்று தோள் கொடுக்க வேண்டும். ஒன்றுமே இல்லாத வெற்றிடத்தில் வெடி வெடித்தாலும் கேட்காதாம்.

வேலையிலிருந்து ஓய்ந்ததும் இந்த ஞானத்தையெல்லாம் கொட்டி, சொந்த வீட்டிலேயே ஓர் அறை கட்டினார். எதற்கு? என் அக்காவின் குரல் கேட்காமல் நிம்மதியாகப் பேப்பர் படிக்க. கல்யாணமான ஆண்கள் பலரும் இதைச் சுவரே இல்லாமல் சாதிக்கிறார்கள். இவர் இரட்டைச் சுவர் எழுப்பினார். இரண்டையும் ஓர் ஆணிகூடச் சேர்த்துத் தொடக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார். நடுவில் பஞ்சு, கதவைச் சுற்றி ரப்பர். சுவர்களுக்கு நடுவே வெற்றிடம் வைக்க முடிந்தால் இன்னும் பிரமாதமாக இருக்கும் என்று ஏங்கினார். அதை வெளியில் தேடுவானேன், தலைக்குள்ளேயே இருக்கிறதே என்றாள் அக்கா.

ஒரே ஒரு குறை. சமையலறைத் தொட்டிக்குப் போகும் இரும்புக் குழாய் அந்த இரண்டு சுவர்களையும் துளைத்துக்கொண்டு போனது. குழாயைத் திறந்தாலே அறைக்குள் முனகல் கேட்டது. அறுத்துவிட்டு வெளிப்பக்கமாகச் சுற்றிக் கொண்டுபோகலாம் என்றார். அக்கா விடவில்லை.

"தண்ணி நின்னுச்சுன்னா, சாப்பாடும் நின்னுடும்."

அத்தானின் விஞ்ஞானம் அத்தோடு அடங்கியது.

போன மாதம் ஒருநாள் காலை பதினொரு மணி இருக்கும். அத்தான் அறைக்குள் இருந்தார். திடீரென்று குழாயில் டங் டங் என்று சத்தம். வேண்டுமென்றே வம்பு செய்கிறாள் என்று பொறுத்துப் பார்த்தார். நிற்கவில்லை. சண்டை போடத் தயாராகக் கதவைத் திறந்துகொண்டு போனார்.

அடுப்பில் பால் வற்றி, பாத்திரம் கரிந்து புகைந்துகொண்டிருந்தது. தொட்டிக்குக் கீழே அக்கா விழுந்து கிடந்தாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. கையில் கரண்டி. எழ முடியாமல், எட்டிய குழாயைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரிக்கு நான் ஓடியபோது அத்தான் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தார். பாடம் எதுவும் நடத்தவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் நாலு வார்த்தை கேட்கத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவரே அவளிடம் கேட்டார்.

"ரொம்ப நேரம் கூப்பிட்டியா?"

"இல்லைங்க. ரெண்டு தடவதான்."

அதைச் சொல்லவே அவளுக்குக் குரல் வரவில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டி, வெறும் காற்றுதான் வந்தது. அவள் வாயருகே காதைக் கொண்டுபோய்த்தான் அத்தான் அதைக் கேட்டார். கேட்ட பிறகும் அவர் நிமிரவில்லை.