நூர் தலைக்கு மேல் ஒட்டிய அட்டை

இன்று எங்கள் ஆபீஸில் ஏசி டக்ட்டைச் சுத்தம் செய்தார்கள்!

(இதற்கெல்லாம் ஒரு பதிவா என்று கேட்காதீர்கள். கொஞ்சம் இருங்கள்.)

கேளம்பாக்கத்தில் இரண்டாவது மாடி. திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல்கள். எங்களுக்குக் காற்று என்றால் டக்ட் என்ற பெரிய குழாயில் வந்து, கூரையில் இருக்கும் ஏசி ஜாலி (ஓட்டை போட்ட மூடி) வழியாக இறங்குவதுதான்.

என் பக்கத்து சீட் நூர்ஜஹானுடையது. புதுப்பட்டினத்திலிருந்து இருவரும் ஒரே பஸ்ஸில் வருவோம்.

ஆபீஸுக்குள் நுழைந்தால் அவளுக்கு இருமல் தொடங்கும். வீட்டுக்குப் போக பஸ் ஏறினால் நின்றுவிடும்.

டக்ட்டைச் சுத்தம் செய்யுங்கள் என்று அவள் மட்டும்தான் கேட்டாள்.

ஆபீஸ் என்ன செய்தது தெரியுமா? அவள் தலைக்கு மேலிருந்த ஜாலியை அட்டைப்பெட்டியைக் கிழித்து, டேப் ஒட்டி மூடிவிட்டது! கூடவே ரூம் ஸ்ப்ரே. (ரோஜா வாசனை. இருமல் இரண்டு மடங்கு.)

கடைசியில் வேலையை விட்டுவிட்டாள். இப்போதும் பஸ்ஸில் பக்கத்து இடத்தில் என் பையை வைத்துவிடுகிறேன். யாராவது முறைத்தால்தான் எடுப்பேன்.

இன்று சுத்தம் செய்ய வந்தவர் அட்டையைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா மேடம், டக்ட்டுக்கு பிளாஸ்திரி போட்டு வெச்சிகீறீங்க?"

பிரித்தார். உள்ளே கம்பளி போலத் தூசி.

"இத்தயா இவ்ளோ நாளா இழுத்துகினு இருந்தீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். (எங்கள் வீட்டில் டிகிரி முடித்த முதல் ஆள் நான். கிடைத்த வேலை போய்விடுமோ என்று ஆபீஸில் வாயே திறந்ததில்லை!)

"சார்... நூர் திரும்பி வரலாமா?"

"வரட்டுமே. அவங்க எடத்துக்கு இன்னும் ஆள் போடலயே. நீ பேசிப் பாரும்மா."

படிக்கட்டில் நின்று போன் செய்தேன். அவள் தன் அத்தாவின் (அப்பாவின்) கடையில் இருந்தாள்.

"நூரு, டக்ட்ட க்ளீன் பண்ட்டாங்கடி!"

"அய்ய! நான் போனப்புறமா? இன்னாடி, எனக்கு ஃபேர்வெல்லா?"

"சாரே வரச் சொல்றாரு. வாடி."

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"மூச்சு வுட முடியுதா? நெசமா சொல்லு."

"முடியுது. பேசத்தான் ஆள் இல்ல."

"சரி. திங்கக்கெழம வந்து ஒரு நாள் உக்காந்து பாக்கறேன். இருமல் வந்துச்சு, மதியமே கெளம்பிடுவேன். நீ அழுவக் கூடாது."

திங்கட்கிழமை இவ்வளவு தூரத்திலா இருக்கும்!

விஷயம் தெரிந்தவர்களே, சுத்தம் செய்த டக்ட்டில் மறுபடி தூசி சேர எத்தனை மாதமாகும்? சரியாகச் சொல்லுங்கள். அதற்கு முன்பே இந்த முறை நான் போய்க் கேட்க வேண்டும்.