யாரும் கேள்வி கேட்காத பக்கம்

மட்டக்களப்பிலிருந்து மாற்றலாகித் திருகோணமலைக்கு வந்தபோது, தண்ணீர் வழங்கும் அலுவலகத்தின் பேஸ்புக் பக்கத்தை என்னிடம் தந்தார்கள். எந்தப் பகுதிக்கு எப்போது தண்ணீர் வராது என்று சனத்துக்கு அறிவிப்பது என் வேலை. துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு மேல்மாடி அறையில் தனியாக இருந்தேன். ஊரில் ஒருவரையும் தெரியாது.

ஆரம்பத்தில் அறிவித்தலையும் அலுவலகக் கடிதம் போலவே எழுதினேன். தவிர்க்க முடியாத திருத்த வேலைகள் காரணமாக என்று தொடங்கி, பாவனையாளர்களின் அசௌகரியத்துக்கு வருந்தி, கடைசி வரியில்தான் நேரத்தைச் சொல்வேன். போட்ட கையோடு கேள்விகள் வரும். எங்கள் வீதிக்கும் வராதா? எத்தனை மணிக்கு வரும்? பிள்ளைக்குப் பால் கரைக்கவும் தண்ணீர் இல்லை என்று ஒரு தாய் எழுதுவார். எல்லாருக்கும் பதில் எழுதுவேன். ஏசியவர்கள்கூடப் பதில் கிடைத்ததும் 'நன்றி சேர்' என்பார்கள். நான் பெண் என்பது அவர்களுக்குத் தெரியாது.

ஒரு மாலை யாரோ கதவைத் தட்டினார்கள். கீழ்த்தளத்தில் குடியிருந்த கிண்ணியாக்காரப் பெண், கையில் போனுடன் நின்றார். படியில் கண்டால் சிரிப்பார். அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

"புள்ள, நாளைக்குத் தண்ணி நிப்பாட்டுறாங்களாம். பிடிச்சு வைங்க."

நான் எழுதியதை எனக்கே வாசித்துக் காட்டினார். முதல் இரண்டு வரியிலும் தடுமாறி, அதை விட்டுவிட்டு, விரலால் திரையைத் தள்ளி நேரத்தைத் தேடினார்.

"எத்தனை மணிக்கெண்டு சொல்ல இவங்களுக்கு இவ்வளவு கதை வேணுமா?"

எழுதியது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. "ஓம் அக்கா" என்று மட்டும் சொன்னேன். அவர் இறங்கிப் போன பிறகுதான், உள்ளே வரச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது.

அடுத்த அறிவித்தலில் நேரத்தை முதல் வரியில் வைத்தேன். பிறகு வீதிகளின் பெயர்கள். காரணம் ஒரே வரியில். வருத்தம் தெரிவிக்காமல் விட்டால் மரியாதையாக இருக்குமா என்று மேலதிகாரி கேட்டார். நேரம் முதலே தெரிந்தால் சனம் ஏசாது என்றேன். போட்டுப் பார்ப்போம் என்றார்.

கேள்விகள் குறைந்தன. சில மாதங்களில் நின்றே போயின. பலர் பகிர்ந்தார்கள், ஒருவரும் எழுதவில்லை. கைப்பிள்ளைக்காரத் தாயும் எழுதவில்லை. மேலதிகாரி கூட்டத்தில் என்னைப் பாராட்டினார்.

ஒரு வெள்ளிக்கிழமை அறிவித்தலைப் போட்டுவிட்டு மத்தியானம் வரை கணினியின் முன் இருந்தேன். பதில் எழுத ஒன்றும் இல்லை. ஒரு வீதியின் பெயரை வேண்டுமென்றே விட்டுவிட்டால் யாராவது கேட்பார்கள் என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்ததற்கே வெட்கமாக இருந்தது. பட்டியலை இன்னொரு தடவை சரிபார்த்தேன். எல்லா வீதிகளும் இருந்தன. கணினியை மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன்.